ஜெனரேட்டர் ஓடும் ஒரு மணி நேரத்தில் பேட்டரிக்குள் என்ன போகிறது?

கரன்ட் இணைப்பு இல்லாத இடத்தில் கேம்பரை, அதாவது வீட்டு வண்டியை, நிறுத்தித் தங்குகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: “பகல் முழுக்க ஜெனரேட்டர் ஓடுச்சு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கே ஹீட்டர் ஃபேன் நின்னுடுச்சு.” இப்படிச் சொல்கிறவர்களின் ஜெனரேட்டரும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் உள்ள சார்ஜர், ஒயர், ஓட்டிய நேரம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் தவறு இருக்கும்.

கணக்குப் போட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சாதாரணமாகக் காணக்கூடிய, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர். முன்பக்கம் ட்ரோஜன் டி-105 வகை 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் இரண்டு, தொடராக இணைத்து 12 வோல்ட், 225 ஆம்ப்-அவர் (ஒரு ஆம்ப் கரன்ட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப்-அவர்). உள்ளே 60 ஆம்ப் கன்வெர்ட்டர், அதாவது 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டி. வெளியே ஹோண்டா இயு2200ஐ ஜெனரேட்டர். இடம், அரிசோனாவில் குவார்ட்சைட் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம். மாதம் ஜனவரி.

ஒரு நாள் செலவு சுமாராக இப்படி வரும். ஹீட்டர் ஃபேன் 8 ஆம்ப் இழுக்கும். இரவில் விட்டு விட்டு ஐந்து மணி நேரம் ஓடினால் 40. விளக்கு, தண்ணீர் பம்ப், போன், லேப்டாப் எல்லாம் சேர்ந்து 20. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடினாலும் அதன் போர்டும், கேஸ் அலாரமும், வேறு சில்லறைகளும் நாள் முழுக்க உறிஞ்சுவது இன்னொரு 20. மொத்தம் 80 ஆம்ப்-அவர். ஒரு காலையில் 85 சதவீதத்தில் இருந்த பேட்டரி மறுநாள் காலை 50 சதவீதத்தில் எழுந்திருக்கும்.

முதல் இரண்டு மணி நேரமும் மிச்ச நேரமும்

லெட்-ஆசிட் பேட்டரி ஒரே வேகத்தில் சார்ஜ் ஏறாது. திருவிழா ஸ்பெஷல் பஸ் மாதிரி. பாதி வண்டி நிரம்பும்வரை ஆட்கள் தடதடவென்று ஏறுவார்கள். கடைசிப் பத்துப் பேரை ஏற்றத்தான் கண்டக்டர் படாதபாடு படுவார். 50 சதவீதத்திலிருந்து 75–80 வரை சார்ஜர் கொடுக்கிற முழு கரன்ட்டையும் பேட்டரி வாங்கிக்கொள்ளும். பேட்டரி வோல்டேஜ் 14.4-ஐத் தொட்டதும் கதை மாறும். அதன்பின் சார்ஜர் வோல்டேஜைப் பிடித்துவைத்திருக்க, கரன்ட் தானாகக் குறைந்துகொண்டே வரும். இதைச் சார்ஜரின் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பேட்டரிக்குள் நடக்கிற வேதியியலின் வேகம் அவ்வளவுதான்.

எண்களில் பார்க்கலாம். 60 ஆம்ப் கன்வெர்ட்டரில் வண்டியின் சொந்தச் செலவு போக 50–55 பேட்டரிக்குப் போகும். 50-லிருந்து 85 சதவீதம் வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பெட்ரோல் சுமார் 0.4 கேலன். அடுத்த 15 சதவீதம், அதாவது 34 ஆம்ப்-அவர் ஏற, சராசரி 7–8 ஆம்ப்பில் நாலரை மணி நேரம். சும்மா முனகிக்கொண்டு ஓடினாலும் என்ஜின் மணிக்கு 0.1 கேலனுக்குக் குறையாமல் குடிக்கும். ஆக, முதலில் 80 ஆம்ப்-அவருக்குச் செலவான பெட்ரோல், பின்னால் 34-க்குச் செலவாகிறது. கூடவே நாலரை மணி நேர இரைச்சல்.

ஜெனரேட்டரை 85 சதவீதம் வரையுள்ள அடிப்பாகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு மேலுள்ள நுனியை வெயிலிடம், அதாவது சோலார் பேனலிடம், விட்டுவிட வேண்டும். கீழே வருகிற எல்லாம் இதற்கான ஏற்பாடுதான்.

ஜெனரேட்டர் முகப்பில் உள்ள 12 வோல்ட் ஓட்டை

“12 வோல்ட்” என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பேட்டரிக்கு நேராக அதில் கேபிள் மாட்டுபவர்கள் உண்டு. இயு2200ஐயில் அது தருவது அதிகபட்சம் 8.3 ஆம்ப். மேலே சொன்ன 80 ஆம்ப்-அவரை அதன் வழியே ஏற்ற, வண்டி செலவே செய்யாமல் இருந்தால்கூட, பத்து மணி நேரம் தாண்டும். செத்துப்போன கார் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்க அது போதும், அதற்கு மேல் உதவாது. அதே என்ஜின் 120 வோல்ட் சாக்கெட் வழியாக 1800 வாட் தரும். டிரெய்லரின் மின்சாரக் கேபிளை அதில் செருகுங்கள். கன்வெர்ட்டர் தன் வேலையைப் பார்க்கும்.

பார்க்கிறதா என்று சரிபார்ப்பது அடுத்த வேலை.

மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வையுங்கள்

பேட்டரி பாதி காலியான ஒரு காலையில், சார்ஜ் தொடங்கி 20 நிமிடம் கழித்து, மல்டிமீட்டரின் முள்ளைப் பேட்டரியின் ஈய முனையிலேயே வைத்துப் பாருங்கள். லக்கிலோ (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையம்) ஒயரிலோ வைத்தால் இணைப்பில் தொலைகிற வோல்டேஜ் தெரியாது. கூடவே பேட்டரிக்குள் போகிற, வருகிற கரன்ட்டை அளக்கும் ஷண்ட் மானிட்டர் இருந்தால் கரன்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

50-க்கு மேல் ஆம்ப் ஓடி, வோல்டேஜ் 13-லிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. கரன்ட் 20-க்குள் சுருங்கி, வோல்டேஜ் 13.6-இல் உறைந்து நின்றால் நோய் அங்கேதான். ஃபேக்டரியில் மாட்டிவரும் கன்வெர்ட்டர்களில் பல 14.4-க்கு ஏறுவதே இல்லை, 13.6-இலேயே உட்கார்ந்துவிடும். வீட்டு வாசலில் பிளக் மாட்டி ஒரு வாரம் நிற்கும் வண்டிக்கு 13.6 போதும். இரண்டு மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓட்டுகிறவருக்கு அது விரயம்.

14.4-க்கு ஏறுகிற கன்வெர்ட்டராக மாற்றலாம். ப்ரோக்ரெஸிவ் டைனமிக்ஸ் 9200 வரிசை இந்த வேலைக்குப் பெயர் பெற்றது: 14.4, 13.6, 13.2 என்று மூன்று படி. பட்டன் வைத்த சிறு துணைக்கருவியைச் செருகினால் நாமே 14.4-க்குத் தள்ளலாம். கன்வெர்ட்டரைத் தொட மனமில்லையென்றால், 120 வோல்ட்டில் ஓடும் தனிச் சார்ஜர் ஒன்றை வாங்கிப் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே குட்டையான கேபிளில் இணைத்துவிடலாம். அப்போது உள்ளே இருக்கும் கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். இரண்டையும் தூக்குகிற சக்தி சின்ன ஜெனரேட்டருக்கு இல்லை.

ஒயர் தின்கிற வோல்டேஜ்

கன்வெர்ட்டர் 14.4 கொடுத்தும் பேட்டரியில் 13.7 மட்டும் தெரிகிறதா? நடுவில் இருக்கிற ஒயர் தின்கிறது. கன்வெர்ட்டர் வண்டியின் நடுவில் கட்டிலுக்கடியில் இருக்கும், பேட்டரி முன் நுனியில் இருக்கும். ஒருவழி 15 அடி, போய்வர 30 அடி. 6 கேஜ் ஒயரில் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும்) 60 ஆம்ப் ஓடினால் அந்த 30 அடியில் 0.7 வோல்ட் காணாமல் போகும். 2 கேஜ் போட்டால் 0.28. கன்வெர்ட்டரையே பேட்டரியிலிருந்து 5 அடிக்குள் நகர்த்தி 2 கேஜ் போட்டால் 0.1-க்கும் கீழே.

0.7 வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கன்வெர்ட்டர் தன் முனையில் 14.4-ஐப் பார்த்து, “பேட்டரி நிரம்பப் போகிறது” என்று முடிவுகட்டி கரன்ட்டைக் குறைத்துவிடும். பேட்டரியோ அறுபது சதவீதத்தில் நின்றுகொண்டிருக்கும்.

120 வோல்ட் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. ஜெனரேட்டரிலிருந்து வண்டிக்கு 25 அடி, 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் போட்டால் 12 ஆம்ப்புக்கு இழப்பு 1 வோல்ட்தான். 120-இல் 1 போனால் யாருக்கும் தெரியாது. தூரம் வேண்டுமென்றால் அதை 120 வோல்ட் பக்கம் வையுங்கள், 12 வோல்ட் பக்கம் எவ்வளவுக்கெவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

எத்தனை ஆம்ப் சார்ஜர் தாங்கும்

60 ஆம்ப்பை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 864 வாட். கன்வெர்ட்டரின் திறன் 85 சதவீதம் என்று கொண்டால் ஜெனரேட்டரிடம் கேட்பது சுமார் 1000 வாட். ஆனால் சாதாரண கன்வெர்ட்டர்களின் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற சுமையில் உண்மையான வாட்டாகும் பங்கு, 0.7 போல்தான் இருக்கும். எனவே ஜெனரேட்டர் உண்மையில் சுமப்பது 1450 விஏ (வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கிய கணக்கு). கடல் மட்டத்தில் 1800 உள்ள மெஷினுக்கு இது சிரமமில்லை. இதே ரகத்தில் 80 ஆம்ப் வாங்கினால் 1900-ஐத் தாண்டும். சிவப்பு விளக்கு எரிந்து சப்ளை நின்றுவிடும். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள சார்ஜராக இருந்தால், அதே ஜெனரேட்டரில் 80 தாராளமாக ஓடும், 100 நெருக்கிப் பிடித்து ஓடும்.

உயரத்தை மறக்காதீர்கள். ஒவ்வொரு 1000 அடிக்கும் என்ஜின் ஏறக்குறைய 3.5 சதவீதம் பலம் இழக்கும். 7000 அடியில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபில் 1800 என்பது 1360 ஆகிவிடும். குவார்ட்சைட்டில் முணுமுணுக்காமல் ஓடிய 60 ஆம்ப் கன்வெர்ட்டர் அங்கே ஓவர்லோடு காட்டினால் மெஷின் கெட்டுவிட்டதென்று பிரித்துப் போடாதீர்கள். 45 ஆம்ப் சார்ஜர் ஒன்று கையில் இருந்தால் அன்றைக்கு அதுதான் தோழன். 5000 அடிக்கு மேல் வாரக்கணக்கில் தங்குவதென்றால் உயரத்துக்கான கார்புரேட்டர் ஜெட் மாட்டிக்கொள்ளலாம். கீழே இறங்கியதும் கழற்றிவிட வேண்டும்.

பேட்டரிப் பக்கமும் ஒரு வரம்பு உண்டு. இந்த வகைக்கு ட்ரோஜன் சொல்வது கொள்ளளவில் 10–13 சதவீத கரன்ட். 225-க்கு 22–29 ஆம்ப். ஜெனரேட்டர்காரர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். தாண்டுவதற்கு விலை, கூடுதல் சூடு, கூடுதல் தண்ணீர்ச் செலவு. இரண்டு டி-105-க்கு 60-க்கு மேல் போவதில் அர்த்தமில்லை: 14.4-ஐ இன்னும் சீக்கிரம் தொட்டு, இன்னும் சீக்கிரம் கரன்ட் குறையும், அவ்வளவுதான். நான்கு பேட்டரி இருந்தால் 100 ஆம்ப் சார்ஜரைப் பற்றி யோசிக்கலாம். ஏஜிஎம் வகை (ஆசிடைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்த மூடிய பேட்டரி) இதைவிட அதிக கரன்ட்டைத் தயங்காமல் வாங்கும்.

காலை வேலை, வரிசையாக

ஜெனரேட்டரைத் தொடும் முன் உள்ளே ஒரு சுற்று. ஃபிரிட்ஜ் “ஆட்டோ”வில் இருந்தால் 120 வோல்ட் வந்ததும் தானாக அதற்குத் தாவி 300 வாட்டுக்கு மேல் விழுங்கும், கேஸில் நிறுத்துங்கள். வாட்டர் ஹீட்டரின் மின் சுவிட்ச் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும்; அது மட்டும் 1400 வாட். இன்வெர்ட்டர் மூலம் டிரெய்லர் சாக்கெட்டுகளுக்குக் கரன்ட் கொடுக்கிறவர்கள் அதையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, இன்வெர்ட்டர் கன்வெர்ட்டரை ஓட்ட, கன்வெர்ட்டர் அதே பேட்டரியைச் சார்ஜ் செய்ய, தன் வாலைத் தானே தின்னும் பாம்புக் கதைதான்.

ஜெனரேட்டரைச் சமதளத்தில், வண்டியிலிருந்து 20 அடிக்குக் குறையாமல், புகைக்குழாய் வண்டிக்கும் பக்கத்துக் கூடாரத்துக்கும் எதிர்த்திசை பார்க்க வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மழை வருகிறதென்று டிரெய்லரின் பந்தலுக்கடியில் இழுத்துவைப்பது உயிரோடு விளையாடுவது. அலாரத்தின் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

எதையும் செருகாமல் மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு கேபிளைச் செருகுங்கள். அந்த நேரத்தில், லோடு குறைந்தால் என்ஜின் வேகத்தைக் குறைக்கும் ஈகோ சுவிட்ச் அணைந்திருக்கட்டும்; லோடு ஏறி நிலைபெற்றதும் போட்டுக்கொள்ளலாம். வண்டியில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி இருந்து, “கிரவுண்ட் இல்லை” என்று கரன்ட்டை உள்ளே விட மறுத்தால் பயப்பட வேண்டாம். இயு2200ஐ போன்ற இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரல் மிதந்துகொண்டிருக்கும், அதாவது கிரவுண்டோடு இணைந்திருக்காது. நியூட்ரலையும் கிரவுண்டையும் இணைக்கும் பிளக் ஒன்றை ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் செருகினால் கருவி ஒத்துக்கொள்ளும். அந்த பிளக் ஜெனரேட்டரோடு மட்டும் இருக்கட்டும். வேறெந்த சாக்கெட்டிலும் செருகக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம் மைக்ரோவேவ், காபி மேக்கர், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். கரன்ட் 40-க்குக் கீழே இறங்கிய பிறகு ஜெனரேட்டரில் இடம் கிடைக்கும், அப்போது காபி போடலாம். ஷண்ட் 15–20 ஆம்ப் காட்டும்போது நிறுத்த வேண்டியதுதான். கேபிளைப் பிடுங்கி, இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அணையுங்கள்.

ஷண்ட் மானிட்டர் இல்லாமல் இதைச் செய்வது இருட்டில் கோலம் போடுவது. விக்ட்ரான் ஸ்மார்ட் ஷண்ட் போன்ற 500 ஆம்ப் ஷண்ட் ஒன்றைப் பேட்டரியின் நெகட்டிவில் போடுங்கள். மற்ற எல்லா நெகட்டிவ் ஒயர்களும் ஷண்ட்டின் பேட்டரி இல்லாத பக்கம்தான் போக வேண்டும். ஒரே ஒரு ஒயர் நேராகப் பேட்டரிக்குப் போனாலும் கணக்கு நாளுக்கு நாள் தப்பும். ஷண்ட் வாங்கும்வரை ஓய்வு வோல்டேஜை நம்பலாம்: முழு சார்ஜில் 12.73, 80 சதவீதத்தில் 12.50, பாதியில் 12.10. ஆனால் லோடும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் இருந்த பேட்டரிக்குத்தான் இது பொருந்தும். ஜெனரேட்டரை நிறுத்திய மறுநிமிடம் 13 காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எந்த நேரம்? காலைதான். பேட்டரி மிகக் காலியாக இருக்கும், அதிகம் வாங்கும், பின்னால் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். யோசமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்களில் ஜெனரேட்டருக்கு அனுமதி காலை 7–9, மதியம் 12–2, மாலை 5–7 மட்டுமே. நம் இரண்டு மணி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. கட்டுமானத் தளங்களில் பார்க்கிற மலிவு ஜெனரேட்டர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

கடுங்குளிரில் மட்டும் இந்தக் காலை விதியைத் தளர்த்தலாம். குளிர்ந்த லெட்-ஆசிட் பேட்டரி அதிக வோல்டேஜ் கேட்கும்: 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.03 வோல்ட். உறைநிலையில் 14.4 என்பது 15.1 ஆக வேண்டும். வெப்ப சென்சார் இல்லாத கன்வெர்ட்டருக்கு இது தெரியாது, 14.4-இலேயே நிற்கும், கரன்ட் சீக்கிரமே சுருங்கும். அப்படிப்பட்ட நாளில் மதியம் ஓட்டுவது லாபம்.

மேல்நுனியும் வாரம் ஒருமுறையும்

குளிர்கால அரிசோனாவில் கூரைமேல் படுத்திருக்கும் 200 வாட் பேனல் ஒரு நாளில் சுமார் 40 ஆம்ப்-அவர் தரும். வண்டி முழுவதையும் அதை நம்பி ஓட்ட முடியாது. ஆனால் 7–8 ஆம்ப்பாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய அந்தக் கடைசி 15 சதவீதத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

பேனல் இல்லாமல் தினமும் 85 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டே போனால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். 225 ஆம்ப்-அவர் பேட்டரி ஓரிரு சீசனில் 150 மாதிரி நடந்துகொள்ளும். 7–10 நாளுக்கு ஒருமுறை முழு சார்ஜ் கட்டாயம்: ஒரு நாள் முழுக்க ஜெனரேட்டரை ஓட்டுங்கள், அல்லது கட்டண முகாமில் ஒரு இரவு பிளக் மாட்டுங்கள். நிரம்பியதா என்பதை, ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரிடம் கேளுங்கள். இந்த வகையில் முழு சார்ஜுக்கு 1.277. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030-க்கு மேல் தாழ்ந்திருந்தால் ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லாச் செல்களையும் சமப்படுத்த வேண்டுமென்றே அதிக வோல்டேஜில் ஏற்றுவது) தேவை. ஏஜிஎம், ஜெல், லித்தியம் மூன்றுக்கும் அதைச் செய்யவே கூடாது. டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் சார்ஜில் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவு முதலில்.

லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்கு வேண்டாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஏறக்குறைய கடைசிவரை முழு கரன்ட்டை வாங்கும், சல்ஃபேட் கிடையாது, முழுதாக நிரப்பவும் அவசியமில்லை. 200 ஆம்ப்-அவர் பேட்டரியை 20-லிருந்து 95 சதவீதம் கொண்டுவர 100 ஆம்ப் சார்ஜருக்கு ஒன்றரை மணி நேரம் போதும். சோலார் இல்லாமல் ஜெனரேட்டரை மட்டும் நம்புகிறவருக்கு, பேட்டரி மாற்றும் காலம் வந்தால், எங்கள் சிபாரிசு இதுதான். இரண்டு எச்சரிக்கை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே உள்ள பாதுகாப்பு போர்டு துண்டித்தால், பேட்டரியைச் சூடாக்க வழி பாருங்கள், போர்டைத் திட்டாதீர்கள். வோல்டேஜை வைத்துச் சார்ஜை ஊகிக்கவும் முடியாது, 13.2 பக்கத்திலேயே நெடுநேரம் நிற்கும். ஷண்ட் இல்லாமல் ஆகாது.

சார்ஜே ஏறவில்லையென்றால்

கன்வெர்ட்டர் ஃபேன் ஓடுகிறது, விளக்கெல்லாம் பிரகாசமாக எரிகிறது, பேட்டரிக்கு மட்டும் பூஜ்யம். முதலில் பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்சைப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். அடுத்து, கன்வெர்ட்டர் பெட்டியில் ரிவர்ஸ் போலாரிட்டி ஃப்யூஸ்கள் இரண்டு இருக்கும். பேட்டரி மாற்றும்போது பிளஸ் மைனஸ் ஒரு நொடி மாறித் தொட்டிருந்தால் அவை போயிருக்கும். சின்ன டிரெய்லர்களில் முன் நுனியில் தானாக மீண்டு வரும் பிரேக்கர் ஒன்று, தீப்பெட்டி அளவில், இருக்கும். அது 30 ஆம்ப் என்றால் 50 ஓடும்போது சூடாகித் திறந்து, ஆறி மூடி, மறுபடி திறந்துகொண்டே இருக்கும். ஷண்ட்டில் கரன்ட் 50, 0, 50 என்று குதிப்பதைக் காணலாம். ஒயரின் கனத்துக்கேற்ற பெரிய பிரேக்கராக மாற்ற வேண்டும். மெலிந்த ஒயரில் பெரிய பிரேக்கர் போட்டால் தீப்பிடிக்கும்.

நன்றாக ஓடிய ஜெனரேட்டர் திடீரென்று நின்று ஆயில் விளக்கு எரிகிறதா? ஆயில் குறைந்திருக்கலாம், இதன் மொத்தக் கொள்ளளவே 0.4 லிட்டர்தான். அல்லது சரிவில் நிற்கிறது. ஆயிலை மாற்ற வேண்டியது முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, அதன்பின் 100 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை.

ஊர் திரும்பும் நாளில், எத்தனால் கலந்த பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டுவைக்காதீர்கள். அடுத்த சீசனில் கோந்தாகி ஜெட்டை அடைத்திருக்கும். இயு2200ஐயில் எரிபொருள் வால்வை மட்டும் தனியாக மூட முடியும். மூடிவிட்டு, என்ஜின் மிச்சத்தைக் குடித்துத் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். சில நிமிட வேலை.